சித்தியின் இடது கை

எங்கள் சித்திக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது என்று சிதம்பரத்தில் முப்பது பேருக்கு முன்னால் அறிவித்தவள் நான். அப்போது எனக்குப் பத்து வயது. கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னேன்.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு சித்தி கடலூருக்கு வந்தபோது, சீர்வரிசைப் பாத்திரங்களோடு ஒரு கிட்டாரும் வேனிலிருந்து இறங்கியது. ஃபிளமெங்கோ என்ற ஸ்பெயின் நாட்டு வாசிப்பை, கல்லூரியில் படிக்கும்போதே யூடியூப் பார்த்துப் பழகியவர். வந்த வாரத்தில் ஒரு மாலை வாசித்தார். கோர்ட்டில் வேலை பார்த்த அப்பா கேஸ் கட்டுகளோடு உள்ளே நுழைந்து, "என்ன சத்தம்?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. மிக்சி ஓடினாலும் அதே குரலில்தான் கேட்பார். அன்றோடு கம்பியை மீட்டும் சித்தியின் வலது கை நின்றுபோனது.

இடது கை மட்டும் நிற்கவில்லை. சித்தப்பாவுக்கு நெய்வேலியில் ஷிஃப்ட் வேலை. அவர் இல்லாத மத்தியானங்களில் சித்தி கட்டிலில் உட்கார்ந்து, கம்பிகளை மீட்டாமலேயே, கார்டு என்று சொல்லும் ஒரு சுரக்கூட்டிலிருந்து அடுத்த கார்டுக்கு விரல்களை மாற்றிக்கொண்டிருப்பார். நான் பக்கத்தில் படுத்து வேடிக்கை பார்ப்பேன்.

"ஒண்ணொண்ணா வைக்கக் கூடாது பாப்பா. மூணு வெரலும் ஒண்ணா எறங்கணும். எடுக்கறப்பவும் ஜாஸ்தி தூக்கக் கூடாது, கம்பிய ஒட்டியே போவணும்" என்றார் ஒருநாள். கட்டைவிரல் பின்னால் சும்மா சாய்ந்திருக்க வேண்டுமாம். அதை இறுக்கினால் மற்றவை நகராதாம். சத்தம் வராத ஒன்றுக்கு இத்தனை விதிகளா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

அடுத்த ஆண்டு சித்தியின் அண்ணன் மகனுக்குச் சிதம்பரத்தில் பிறந்தநாள். கிட்டாரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். கேக் வெட்டியதும் எல்லோரும் வாசிக்கச் சொல்ல, வாய் நிறைய கேக்கோடு நான் முந்திக்கொண்டேன். "சித்திக்கு வாசிக்கவே தெரியாது. வெரல மட்டும்தான் மாத்துவாங்க, சத்தமே வராது."

கூடமே சிரித்தது. சித்தியின் அம்மா மட்டும் சிரிக்காமல் மகளைப் பார்த்தார். சித்தி கிட்டாரை மடியில் வைத்து, கம்பிகளை முறுக்கிச் சரிபார்த்து, வாசிக்கத் தொடங்கினார்.

ஓராண்டு சும்மா இருந்த வலது கைதான் இரண்டு இடங்களில் தடுமாறியது. இடது கை தடுமாறவே இல்லை. மூன்று விரல்களும் பிடித்த வடிவம் கலையாமல் ஒரு கம்பி தள்ளி உட்கார்ந்தன. ஒரு கார்டு அடங்குவதற்குள் அடுத்தது அங்கே இருந்தது. அப்பா கையில் பிரியாணியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான்தான் பலமாகத் தட்டினேன்.

"அங்க வாசிக்கறதே இல்லையாடி?" என்று அவர் அம்மா கேட்டார்.

"நேரம் இல்லம்மா."

கிளம்பும்போது கிட்டார் பீரோ மேல் ஏறியிருந்தது. எடுத்துக்கொள்ளவில்லையா என்று அப்பா கேட்டார். "இங்கயே இருக்கட்டும் மாமா" என்றார் சித்தி. அப்பா இன்னும் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் ஷேர் ஆட்டோ வந்துவிட்டது.

கடலூர் பஸ்ஸில் சித்திக்குப் பக்கத்தில் எனக்கு இடம். திட்டுவார் என்று பயந்து ஒடுங்கி உட்கார்ந்தேன். அவரோ என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். என் முழங்கைக்குக் கீழே அவருடைய மூன்று விரல்களும் ஒன்றாக இறங்கின, நகர்ந்தன, மறுபடி இறங்கின. நுனிகள் காய்த்துச் சொரசொரப்பாக இருந்தன. கோபம் போய்விட்டது, கிச்சுக்கிச்சு மூட்டுகிறார் என்று நினைத்துக்கொண்டு, புதுச்சத்திரம் தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன்.