குனிய முடியாத கான்ஸ்டபிள்

தென்காசி போலீஸ் ஸ்டேஷனில் உச்சிமாகாளியை விடப் பலசாலி கிடையாது. தினமும் விடியற்காலையில் கர்லாக்கட்டை நூறு சுற்று சுற்றுவார். யாராவது தோளில் ஏற்றிவிட்டால் இரண்டு நெல் மூட்டைகளைச் சந்தை வரை சுமப்பார். தரையிலிருந்து தாமே எடுக்கச் சொன்னால் முடியாது. குனிய வராது.

1936 ஆனியில், சாரல் பருவத்தில், குற்றாலம் பெரிய அருவியில் அவருக்குக் காவல். குளித்துக்கொண்டிருந்த ஒருவரின் துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் பாறைகள் மேல் ஓடினான். உச்சிமாகாளி துரத்தினார். நான்காவது பாறையில் வழுக்கி மல்லாக்க விழுந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. திருடன் திரும்பிப் பார்த்தான். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வந்து, அக்குளில் கைகொடுத்து அவரை உட்காரவைத்தான்.

"பாசி கெடக்கு அண்ணாச்சி. மெதுவா எந்திரிங்க."

பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

உச்சிமாகாளி இதை ஒன்றும் மறைக்காமல் ரிப்போர்ட்டாக எழுதிக் கொடுத்தார். சப் இன்ஸ்பெக்டர் அதை இரண்டு தடவை படித்தார். தொட்டுத் தூக்கியவனை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டார். இடுப்பு பிடித்துக்கொண்டது என்றார் உச்சிமாகாளி. அடுத்த சாரலுக்குள் உடம்பு வளையாவிட்டால் வேலை போகும் என்று சொல்லப்பட்டது.

அவர் கர்லாக்கட்டையை இருநூறு சுற்றாக ஆக்கினார். தோள் அகன்று சட்டை கிழிந்தது. இடுப்பில் மாற்றமில்லை. கிழிந்த சட்டையைத் தைத்துக்கொண்டே அவர் மனைவி வடிவாம்பாள் வாயைத் திறந்தாள்.

"பலத்துக்கு என்ன கொறச்சல்? குத்தவச்சி உக்காரத் தெரியல. எட்டு வருசமா முக்காலி போட்டுல்லா சாப்பிடுதீங்க."

மறுநாள் முக்காலி பரணுக்குப் போனது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, குதிகால் தரையில் படும்படி அவர் குத்தவைக்கப் பழகினார். முதல் வாரம் மூன்று தடவை பின்பக்கமாகச் சாய்ந்தார்; ஒரு தடவை ரசத்தோடு. ஒரு மாதத்தில் நிலையை விட்டுக் கையெடுத்தார்.

ஐப்பசியில் கீழப்பாவூரில் வடிவாம்பாளின் அண்ணன் வயலில் நடவு. இருபது நாள் லீவு போடச் சொல்லி அவரை அங்கே இறக்கிவிட்டாள். நடவுக்காரிகளுக்குத் தலைவியான பேராச்சி, ஆம்பளை நட்டால் பயிர் கோணும் என்று தயங்கினாள். போலீஸ்காரர் என்று தெரிந்ததும் கடைசி வரிசையைக் கொடுத்தாள்.

குனிந்தபடி பின்னால் நடக்கவேண்டும். சேற்றில் காலை உருவி, கண்ணால் பார்க்காமல் வைக்கவேண்டும். முதல் நாள் அவர் ஒரு பாத்தியை முடிக்கவில்லை. மற்றவர்கள் கரையேறி வெற்றிலை போட்டுக் காத்திருந்தார்கள். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் அவருக்கு அதிகம் வலித்தது. பத்தாம் நாள் இடுப்புப் பிடிப்பு விட்டது. இருபதாம் நாள் பேராச்சிக்கு இரண்டு முழம் பின்னால் நட்டுக்கொண்டிருந்தார். வயலை விட்டு வரும்போது வரப்பில் ஓடிப் பார்த்தார். விழவில்லை. சுற்றிலும் ஆளில்லை என்று உறுதி செய்துகொண்டு இன்னொரு தடவை ஓடினார்.

அடுத்த ஆனியில் மறுபடி அருவிக் காவல். ஒரு மத்தியானம் தண்ணீர் திடீரென்று செம்மண் நிறமானது; மலையில் வெள்ளம் இறங்குவதற்கு அடையாளம் அது. உச்சிமாகாளி விசிலடித்தார். எல்லாரும் ஓடிக் கரையேறினார்கள். சுரண்டைப் பருத்தி வியாபாரி ஒருவர் மட்டும், பருத்த மனிதர், நடுப்பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். உச்சிமாகாளிக்கும் பயமாகத்தான் இருந்தது. பூட்ஸைக் கழற்றிவிட்டுத் தாழக் குனிந்து பாறை மேல் போனார்.

"கையக் குடுங்க. தண்ணியப் பாக்காதீங்க, என் மூஞ்சியப் பாருங்க."

இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே பின்னால் நடந்தார். கால் தானாக இடம் தேடி வைத்தது. கரையேறியதும் வியாபாரி அவர் மேல் சாய்ந்து அழுதார். அவர்கள் விட்டுவந்த பாறை சற்று நேரத்தில் முங்கியது.

சப் இன்ஸ்பெக்டர் என்ன பயிற்சி என்று விசாரித்தார். கேட்டுவிட்டு, மற்ற ஆறு கான்ஸ்டபிள்களையும் அதே இடத்துக்கு அனுப்ப முடியுமா என்றார். உச்சிமாகாளி வீட்டில் கேட்டார்.

"இந்தப் போகத்துக்கு நடவு முடிஞ்சிட்டு," என்றாள் வடிவாம்பாள். "களையெடுக்க வேணா வரச் சொல்லுங்க."

அதை அவர் முறைப்படி எழுத்தில் தெரிவித்தார். நான்கு பேர் வந்தார்கள். ஒருவர் முதல் நாளே பயிரையும் சேர்த்துப் பிடுங்கியதால் பேராச்சி அவரைத் திருப்பி அனுப்பினாள்.