பூஜையன்று அடித்த பாஸ்வேர்டு

நீர் பொய் சொன்னீர். நீளமாகக்கூட இல்லை, 'அது வேற' என்று இரண்டே வார்த்தையில் சொன்னீர். என் வேலையும் பெயரும் போக அது போதுமாக இருந்தது.

அன்று உம்மை 'சார்' என்று கூப்பிட்டேன். இன்று 'நீர்' என்பதே அதிகம்.

இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். போன மாதம் திருநெல்வேலியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த வியாபாரிகள் கூட்டத்துக்குப் போயிருந்தேன். உமக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கம்ப்யூட்டரைப் பத்திரமாக வைத்துக்கொள்வது எப்படி என்று பேச வந்த நீர், நடுவில் ஒரு கதை சொன்னீர்.

"தொண்ணூறுகள்ல எங்க கம்பெனியில ஒரு பொண்ணு வேலை பார்த்துச்சு. நைசா எல்லாக் கம்ப்யூட்டருக்கும் லாக் போட்டு வச்சுக்கிட்டு மொதலாளியவே மெரட்டுச்சு. வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான்தான் அந்தப் பொண்ணு. உமக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எனக்கு உம் குரலே போதும்.

நடந்ததை நான் சொல்கிறேன்.

அது பம்புசெட்டும் பைப்பும் மொத்த வியாபாரம் செய்த கம்பெனி. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி என்று ஆற்றங்கரை ஊர்களிலிருந்தெல்லாம் கடைக்காரர்களும் விவசாயிகளும் டெம்போ பிடித்து வருவார்கள். நான் பாளையங்கோட்டையில் ஹார்டுவேர் கோர்ஸ் முடித்துவிட்டு அங்கே சேர்ந்தேன். ஆபீசில் இருந்த கம்ப்யூட்டர்களை ஓடவைப்பது என் வேலை. நீர் எனக்கு மேலே இருந்த சிஸ்டம்ஸ் ஆபீசர்.

கம்ப்யூட்டரைப் போட்டவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்னால், கறுப்புத் திரையில் எழுத்து ஓடும். அந்த நேரத்தில் ஒரு கீயை அழுத்தினால் பயோஸ் செட்டப் திறக்கும். தேதி, நேரம், மெஷின் ஹார்டு டிஸ்க்கிலிருந்து கிளம்ப வேண்டுமா ஃபிளாப்பியிலிருந்து கிளம்ப வேண்டுமா, ஃபிளாப்பி டிரைவ் வேலை செய்யலாமா கூடாதா எல்லாம் அங்கேதான் இருக்கும். குடோன் பையன்கள் ஃபிளாப்பியில் கேம்ஸ் கொண்டுவருவார்கள். கூடவே வைரஸும் வரும். நான் ஒவ்வொரு மெஷின் முன்னாலும் போய்க் குனிந்து ஃபிளாப்பியை அடைத்துவிட்டு வருவேன். மறுநாள் எவனாவது திறந்து வைத்திருப்பான்.

அந்த வருஷம் புது மெஷின்கள் வாங்கினோம். அவற்றோடு ஒரு மேனேஜ்மென்ட் சாஃப்ட்வேர் சி.டி. வந்தது. அதை ஒரு மெஷினில் போட்டுவிட்டால், அங்கே உட்கார்ந்தபடியே கேபிளில் இணைத்த எல்லா மெஷின்களின் பயோஸையும் மாற்றலாம். மற்றவர்கள் உள்ளே நுழையாமல் பாஸ்வேர்டும் போடலாம். நல்ல சாமான்தான். நான் குறை சொல்லவில்லை. சென்னையில் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த நீர் அதைத் தொடக்கூட என்னை விடவில்லை.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டோம். முதலாளி அண்ணாச்சி பட்டு வேட்டியில் வந்து சூடம் காட்டினார். அப்போது உமக்கு ஒரு யோசனை வந்தது. கல்லாவில் முதல் பணத்தை முதலாளி போடுகிறமாதிரி, கம்ப்யூட்டருக்கு முதல் பாஸ்வேர்டை முதலாளி போட வேண்டும் என்றீர். நாற்காலியை இழுத்துப் போட்டு, கீபோர்டை அவர் முன்னால் நகர்த்தி வைத்தீர்.

"என்னவே அடிக்க?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"உங்களுக்குப் பிடிச்ச சாமி பேர அடிங்க அண்ணாச்சி. நாங்க யாரும் பாக்க மாட்டோம்."

எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அவர் ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார். திரையில் வெறும் நட்சத்திரம்தான் விழுந்தது. இன்னொரு தடவை அதையே அடிக்கச் சொன்னீர். அடித்தார். நீர் என்டரைத் தட்டினீர். அவ்வளவுதான், ஆபீசில் இருந்த மெஷின் எல்லாவற்றின் பயோஸும் பூட்டிக்கொண்டது. ஃபிளாப்பியும் அடைபட்டது. எல்லோரும் கைதட்டிவிட்டுப் பொரிகடலை தின்றோம்.

நான் உம்மிடம் பைய வந்து கேட்டேன். "சார், அண்ணாச்சி என்ன அடிச்சாங்கன்னு கேட்டு வச்சுக்கிடுவோமா?"

"ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா பிள்ள? அவுக சாமி பேரச் சொல்லி அடிச்சிருக்காக. அதப் போயி என்னன்னு கேக்கச் சொல்லுதியா?"

அண்ணாச்சியைப் பொறுத்தவரை அது பூஜையில் ஒரு சடங்கு. பூசணிக்காய் உடைத்தது போல. மறுநாளே மறந்திருப்பார். அதில் அவர் தப்பு ஒன்றும் இல்லை. அது சடங்கு இல்லை, சாவி என்று அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவர் நீர்.

ஐப்பசி மழை பிடித்தது. இடி இடித்து, கரண்டு போய்ப் போய் வந்ததில் பில்லிங் மெஷின் படுத்துக்கொண்டது. விண்டோஸ் வரவில்லை. ஃபிளாப்பியிலிருந்து கிளப்பினால் சரி செய்துவிடலாம். ஃபிளாப்பி அடைத்துக் கிடந்தது. அதைத் திறக்க பயோஸுக்குள் போனால் பாஸ்வேர்டு கேட்டது. உம்முடைய சாஃப்ட்வேரில் மாற்றப் பார்த்தால், பழைய பாஸ்வேர்டைக் கொடு என்றது.

பிசான நெல்லுக்கு நாற்று பாவுகிற சமயம். வாசலில் டெம்போக்கள் நனைந்துகொண்டு நின்றன. "கொழாய் வாங்க வந்தா கம்ப்யூட்டருக்குக் காச்சலுங்கீங்க. வயலுக்குத் தண்ணிய நான் கம்ப்யூட்டர்ல இருந்தா பாய்ச்சப் போறேன்?" என்று சேரன்மகாதேவிக்காரர் ஒருவர் கத்தினார்.

நீர் தெரிந்த சாமி பேர் எல்லாம் அடித்துப் பார்த்தீர். திருச்செந்தூர் முருகனுக்கு இருக்கிற அத்தனை பேரையும் அடித்தீர். சில தடவை தப்பானதும் மெஷின் உறைந்து நிற்கும். அணைத்துப் போட்டுவிட்டு மறுபடி அடிப்பீர். உமக்கு வேர்த்துக் கொட்டியது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

"அந்தா இருக்காங்க. போய்க் கேளுங்க சார்," என்றேன்.

"என்னன்னு கேக்க? நீங்க போட்டது ஒங்களுக்கே ஞாபகம் இருக்கான்னு கேக்கவா? நீ போயி ஜோலியப் பாரு."

முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்க உமக்கு வாய் வரவில்லை. அதுதான் மொத்த விஷயமும். ஆகவே நானே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பில்லிங் மெஷினைக் கழற்றினேன். போர்டில் பாஸ்வேர்டை அழிக்க ஜம்பர் என்று ஒரு சின்னச் செருகி இருக்கும். அதை மாற்றி வைத்து, பூட்டைப் போக்கி, ஃபிளாப்பியில் கிளப்பி ஓடவைத்தேன். பில் வெளியே வந்தது, டெம்போக்கள் போயின.

சாயங்காலம் அண்ணாச்சி எல்லோரையும் கூப்பிட்டார். "காலையில இருந்து யாவாரத்த நிப்பாட்டுனது யாருவே?" என்று கேட்டார்.

நீர் என்னைக் கை காட்டினீர். "இந்தப் பிள்ளதான் அண்ணாச்சி, உள்ள ஏதோ லாக் போட்டிருக்கு. நான் எவ்வளவோ பாத்தேன், திறக்கல. இவ வந்து நொடியில திறந்துட்டா. போட்டவளா இல்லாம இப்படித் திறக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க."

எனக்குச் சுரீரென்றது. நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணாச்சி, பூஜை அன்னைக்கு நீங்க அடிச்சீங்கள்லா, அந்தப் பாஸ்வேர்டுதான் இது. என்ன அடிச்சீங்கன்னு சொன்னா மத்த மெஷினையும் திறந்துரலாம்."

ஸ்டோர் கீப்பர், "எம்மாடி, மொதலாளியவே குத்தஞ் சொல்லுதாளே," என்று முணுமுணுத்தார். அண்ணாச்சி முகம் சிவந்தது. அவருக்கு ஞாபகம் இல்லை, அது அவர் கண்ணில் தெரிந்தது. உம்மைத் திரும்பிப் பார்த்தார். அந்த இடத்தில் நீர் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான்தான் உங்களை அடிக்கச் சொன்னேன், கேட்டு வைக்காதது என் தப்பு என்றால் போதும். அவர் நல்ல மனுஷர். இரண்டு வசவு விட்டு முடித்திருப்பார்.

"அது சாமி காரியம் அண்ணாச்சி," என்றீர். "அது வேற."

அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டார். "அதான, அது வேறல்லா," என்றார். என்னை மறுநாள் வர வேண்டாம் என்றார்.

மற்ற மெஷின்களை நான் திறக்கவில்லை. திறக்கச் சொல்லி வாசல் வரைக்கும் வந்தீர். "லாக் போட்டவளத் தேடிப் பிடிச்சுத் திறக்கச் சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போனேன். பிறகு மதுரையிலிருந்து ஆள் வரவழைத்து ஒவ்வொன்றாகக் கழற்றினீராம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நன்றாகத் தூக்கம் வருகிறது.

ஆனால் எனக்கு வேலை கிடைக்கவில்லை. ஜங்ஷன், டவுன், வண்ணார்பேட்டை, எங்கே போய்க் கேட்டாலும், "லாக் போடுத பிள்ளல்லா நீ?" என்றார்கள். நான் போவதற்கு முன்னாலேயே நீர் போன் போட்டிருந்தீர். கடைசியில் மேலப்பாளையத்தில், வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து டைப்பிங் சென்டர் வைத்த ஒருவர் சேர்த்துக்கொண்டார். என்னைப் பற்றி அவர் காதுக்கும் வந்திருந்தது. "இங்கன இருக்கதே ஒரு மெஷின்தான் தாயி. நீ அதுக்கு லாக் போட்டா நாம ரெண்டு பேரும் உக்காந்து டீ குடிப்போம்," என்றார். அதன் பிறகு என் பிழைப்பு என் கையில். அதற்கு உமக்கு நன்றி எதுவும் கிடையாது.

அண்ணாச்சி இப்போது இல்லை. அவர் மனம் நோகும் என்று இனி நீர் சாக்குச் சொல்ல முடியாது.

என்னிடம் தனியாக வந்து மன்னிப்புக் கேட்க வேண்டாம். யாரையும் சமாதானத்துக்கு அனுப்பவும் வேண்டாம். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். கதையை மைக்கில் சொன்னீர், பதிலையும் மைக்கில் சொல்லும். அந்த வியாபாரிகள் மறுபடி கூடுவார்கள். அன்று மேடை ஏறி, பொன்னாடை போடுவதற்கு முன்னால், அதே சபைக்கு முன்னால் சொல்லும். கீபோர்டை அண்ணாச்சி முன்னால் நகர்த்தி வைத்தது யார்? என்டரைத் தட்டியது யார்? 'அது வேற' என்றீரே, எது வேற? நான் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பேன். சொல்லும்.