நீலி நடந்த எல்லை

என் மாமனார் காடன் பல்லவ அரசர் மூன்று பேரிடம் பாகனாக இருந்தவர். அப்பன், மகன், பேரன். சளுக்கியர் காஞ்சிக்குள் புகுந்த வருஷம், போருக்குப் போன களிறுகளில் பாதி திரும்பவில்லை. அவருடைய பெண் யானை, நீலி என்ற பிடி, மட்டும் கொட்டிலில் கிடந்து தின்று கொழுத்தது. "சண்டைக்கு ஆகாததுதான் நமக்குச் சோறு போடுது" என்பார், வெட்கமே இல்லாமல்.

சண்டை ஓய்ந்ததும் அரசர்கள் கோயிலுக்கும் வேதியருக்கும் ஊர் ஊராகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். நாட்டுப் பெரியவர்களான நாட்டார் முன்னே நடக்க, கொடுத்த ஊரைப் பிடி சுற்றி வரவேண்டும். அது நடந்த தடத்தில் கள்ளியும் கல்லும் நட்டால் அதுதான் எல்லை. உள்ளே அகப்பட்ட பழைய குடிகள் மூட்டை கட்டவேண்டியதுதான். பதினோரு ஊர் சுற்றியவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அதற்காக அவர் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

பன்னிரண்டாவது ஊர் பாலாற்றங்கரையில், எங்கள் ஊருக்கு அடுத்தது. சுற்றுக்கு முதல்நாள் சேந்தி என்ற கைம்பெண் வந்து நின்றாள். அந்த ஊரின் மேற்கு ஓரத்தில் அவளுக்கு ஒரே ஒரு வயல்.

"அண்ணே, என் வயலும் உள்ள போகுதாமே. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சுகிட்டு நான் எங்க போவேன்?"

"நான் என்னம்மா பண்ண? நாட்டார் முன்னால போறாங்க, நான் பின்னால ஓட்டுறேன்."

அவள் போன பிறகு மாமனார் சாப்பிடவில்லை.

மறுநாள் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. மேற்கே வந்ததும், வயலுக்கு இப்பால், ஊர்ப்பக்கம் இருந்த குளத்தைப் பார்த்து நீலி விறுவிறுவென்று திரும்பிவிட்டது. அவரும் அங்குசத்தை ஓங்கத்தான் செய்தார். குடித்தது, குடித்தது, அப்படிக் குடித்தது. பிறகு குளத்தின் கிழக்குக் கரையோடு வடக்கே நடையைக் கட்டியது. சேந்தியின் வயல் வெளியே நின்றுவிட்டது.

"டேய் காடா! திருப்புடா அத!" என்று கூட வந்த அரச அதிகாரி கத்தினார்.

"திருப்பறேன் ஐயா. பிடி வெச்ச அடிய மாத்துனா அரச குலத்துக்கு ஆகாதும்பாங்க. நீங்க சொன்னா திருப்பிடறேன்."

அதிகாரி நாட்டாரைப் பார்த்தார். நாட்டார் வானத்தைப் பார்த்தார்கள். "சரி, கல்ல நடுங்க" என்று முணுமுணுத்தார் அதிகாரி. செப்பேட்டிலும் அப்படியே வெட்டினார்கள்.

சாயங்காலம் சேந்தி வந்து நீலியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அதுக்குத் தாகம்மா, அவ்வளவுதான்" என்று மாமனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவள் போனதும் உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"ஏய்யா, உப்புப் பானை தொடச்சு வெச்சாப்புல கெடக்கே. காலைக் கவளத்துல எவ்ளோய்யா அள்ளிப் போட்ட?"