பால் குடிக்கும் பொம்மை

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவ வார்டுக்குப் போகும் வழியில், சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. இளம்பச்சைச் சேலை கட்டிய ஒரு தாய் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். பிள்ளையின் முகத்தை முந்தானை பாதி மறைத்திருக்கிறது. கீழே தாய்ப்பாலின் பெருமையைக் கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். வருகிற கர்ப்பிணிகள் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். மடியில் இருப்பது பொம்மை என்று அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஏனென்றால் படம் எடுத்தபோது நான் அந்த அறையில் இருந்தேன்.

அந்தத் தாய்க்குத் தாய்மார்களுக்கு ஆலோசனை சொல்கிற வேலை, அதனால் நாங்கள் கவுன்சிலர் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சுனாமி வந்து சில வருடங்கள் கழிந்த சமயம். கிராம செவிலியர்களுக்கு நாகர்கோவிலில் தாய்ப்பால் பயிற்சி வகுப்பு நடந்தது. பாடம் எடுக்க ஒப்பந்தத்தில் வந்தவர் அக்கா, கடியப்பட்டணத்துக்காரர். கையில் ஒரு துணிப் பொம்மை, கம்பளி நூலில் பின்னிய ஒரு மார்பு, அவ்வளவுதான் சாமான். "பிள்ளையத்தான் மார்புக்குக் கொண்டு வரணும் மக்கா. மார்ப இழுத்துப் பிள்ளைகிட்டக் கொண்டு போவக் கூடாது" என்பார். எங்களில் மூத்த ஒரு செவிலியர் முதல் நாளே வம்புக்கு இழுத்தார்: "ஏட்டி, நாலு பெத்தவளுக்கா நீ பாடம் எடுக்க?" அக்கா சிரித்துக்கொண்டே பொம்மையை அவர் மடியில் போட்டார். "நாலு பெத்தவ ஒருக்காப் பிடிச்சுக் காட்டுங்க, பாப்போம்." அறையே சிரித்தது. அந்த மூத்தவரும்தான்.

அக்காவுக்கும் வீட்டில் ஒரு கைக்குழந்தை இருந்தது. ஆண்பிள்ளை. ஒப்பந்த வேலைக்குப் பேறுகால விடுப்பு கிடையாது. வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். கணவர் ஆழ்கடலுக்கு மீன்பிடிக்கப் போகிறவர், கடல் கொடுத்தால்தான் வீட்டில் அடுப்பு எரியும். ஆகவே பிரசவமாகி நாற்பது நாள் கழிந்த கையோடு பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினார். மாமியாரும் பிள்ளையும் பக்கத்து அறையில் இருக்கட்டும், இடைவேளையில் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மேலதிகாரி மேடத்திடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். "பிள்ள அழுதா கிளாஸ் கெட்டுப்போகும்மா. இது ட்ரெயினிங், பால்வாடி இல்ல" என்று பதில் வந்தது. தாய்ப்பால் வகுப்புக்குள் பால் குடிக்கிற பிள்ளை வரக் கூடாதாம்! இந்தக் கூத்தை நான் எங்கே போய்ச் சொல்ல?

மதியம் ஆனால் அக்காவுக்குப் பால் கட்டிக்கொள்ளும். ஜாக்கெட் நனையும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, பால் கட்டினால் தாய் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்கே பாடம் நடத்துவார். இடைவேளையில் குளியலறைக்குப் போய் டம்ளரில் கறந்துகொண்டு வருவார். தாய்ப்பால் மிதிபடக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் கட்டிடத்துக்குப் பின்னால் நடந்துபோய்த் தென்னை மூட்டில் ஊற்றுவார். வீட்டுக்குக் கொண்டுபோனால் என்ன என்று ஒருநாள் கேட்டேன். "கொண்டு போனேன் மக்கா. வெயில்ல, பஸ்ஸுல ஆடிக் குலுங்கி வந்த பால என் பேரன் வாயில ஊத்த மாட்டேன்னுட்டா மாமி. பாட்டில்தான். ராத்திரியாவது எங்கிட்டக் குடிப்பான்னு பாத்தா, இப்பல்லாம் கொஞ்சம் கொஞ்சமா முகத்தத் திருப்புதான்." ஒரு வார லீவு கிடைத்தால் பிள்ளையைத் திரும்ப மார்புக்குப் பழக்கிவிடுவேன் என்றார். அவர் கேட்டது அது ஒன்றைத்தான். பயிற்சி முடியட்டும், பார்க்கலாம் என்று மேடம் சொல்லியிருந்தாராம்.

கடைசி நாளைக்கு முந்தின நாள் மேடம் வந்தார். அறிக்கைக்கும் சுகாதார நிலையங்களில் மாட்டவும் ஒரு படம் வேண்டும், நிஜத் தாயும் பிள்ளையும் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "உனக்குத்தான் பிள்ளை இருக்கே, நாளைக்குக் கொண்டு வந்திரு" என்றார். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை!

மறுநாள் மாமியார் பிள்ளையோடு வந்தார். கேமராக்காரரை வாசலில் நிறுத்திவிட்டு, அக்கா எங்கள் முன்னால் பிள்ளையை மடியில் எடுத்தார். தலை, முதுகு, கை எல்லாம் பாடத்தில் சொன்ன மாதிரியே. பிள்ளை மார்பை மோந்து பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது. மறுபக்கம் மாற்றினார். வில்லாக வளைந்து வீறிட்டது. பால் தானாகச் சொட்டி அதன் கன்னத்தில் வழிந்தது. அப்போதும் வாய் திறக்கவில்லை. "ஏ பிள்ளே, அழுது கரைய விடாத, தொண்டச் சங்கு காஞ்சு போவும்" என்று பதறிய மாமியார் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார். "ஐயோ, பாட்டிலை உள்ள வைங்க! படத்துல விழுந்தா மானம் போயிரும்" என்று மேடம் கத்தினார். பாட்டிலைக் கண்டதும் அழுகை நின்று, பிள்ளை மாமியார் பக்கம் தலையைத் திருப்பியது; அவர் அவனை வாங்கிக்கொண்டு வெளியே போனார். அக்கா ஜாக்கெட்டைச் சரிசெய்துகொண்டு, எங்களைப் பார்க்காமல் சொன்னார்: "பிடிவாதம் இல்ல மக்கா. அவன் என்னை மறந்துட்டான்."

மேடம் பொம்மையை எடுத்து அவர் மடியில் வைத்தார். "அது முகத்தை முந்தானையால மூடிக்கோ, பொம்மைன்னு தெரியாது. கொஞ்சம் சிரிம்மா."

லீவு கிடைக்கவில்லை, அடுத்த வகுப்பு உடனே ஆரம்பித்துவிட்டது. அக்காவுக்குப் பாலும் வற்றியது. பிறகும் சில வருடம் பாடம் எடுத்தார் என்று கேள்விப்பட்டேன். பாட்டில் பழகிய பிள்ளையைப் பற்றிய பகுதி வந்தால் மட்டும் புத்தகத்தை வேறொருத்தியிடம் நீட்டி வாசிக்கச் சொல்வாராம். மேடத்துக்கு அந்தப் பயிற்சிக்காகப் பாராட்டு கிடைத்தது. கிடைக்கட்டும், நன்றாக இருக்கட்டும்.

போன வாரம் இராஜாக்கமங்கலத்திலிருந்து வந்த ஒரு தலைப்பிள்ளைக்காரி படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "எவ்வளவு சமத்தாக் குடிக்குது பாருங்க சிஸ்டர். யாரு பிள்ளை?"

"அது பொம்மைம்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. கிட்டப் போய்ப் பார்த்தாள். "அப்போ இவங்களுக்குப் பிள்ளை இல்லியா?"

"இருந்தான். இந்தப் படம் எடுக்கும்போது வெளியே படிக்கட்டில பாட்டி மடியில இருந்து பாட்டில் குடிச்சிட்டிருந்தான்."