மச்சானுக்கு வெட்டிய குழி

ஆப்பிரிக்காவின் வட ரொடீசியப் படையைச் சேர்ந்த கசோண்டே, இரண்டாம் உலகப் போரின் மூன்று போர்முனைகளில் காயம்பட்டவர்களைத் தூக்குப்படுக்கையில் சுமந்தவர். முதலில் சோமாலிலாந்தின் சுடுமணலில். அடுத்து மடகாஸ்கரில், எதிரி வெட்டிச் சாய்த்திருந்த மரங்களைச் சாலை நெடுகத் தாண்டித் தாண்டி. கடைசியாக, மழை ஓயாத பர்மாக் காட்டில். அத்தனை காலத்திலும் அவர் துப்பாக்கியால் சுட்டது ஒரே ஒரு முறை. விழுந்தது ஒரு தேங்காய்.

இயந்திரத் துப்பாக்கிக்காரரான ஜெரே அதை மறக்கவே விடவில்லை.

"குரங்கு தப்பிச்சிருச்சா மச்சான்? அப்போ இன்னிக்கு ராத்திரி உனக்குப் பட்டினிதான்!"

"எலி வளைக்குள்ள கையை விட்டுக்கிட்டு நாள் பூரா கெடக்கிறவன் பேசறான் பாரு!" என்பார் கசோண்டே.

கசோண்டே பெம்பா குலத்தவர், ஜெரே ங்கோனி குலத்தவர். முன்னோர் காலத்தில் இவ்விரு குலத்தாரும் ஈட்டிகளால் பேசிக்கொண்டவர்கள். சமாதானமானதும், ஈட்டியின் இடத்தில் ஏச்சு வந்து அமர்ந்தது. பெம்பாக்காரர் குரங்குத்தின்னி, ங்கோனிக்காரர் எலித்தின்னி. எவ்வளவு ஏசினாலும் சினம் கொள்ளலாகாது. முறை தவறியவர் கோழி ஒன்று தண்டம் கொடுக்க வேண்டும். ஒருவர் இறந்தால் மற்றவர் குலத்தாரே குழி வெட்டி, பிணத்தையும் கேலி செய்து வழியனுப்புவர். அன்பான சொல் மட்டும் அங்கே வழக்கத்தில் இல்லை.

பர்மாவில் ஜெரேயைக் காட்டுக்காய்ச்சல் பிடித்தது. மருத்துவக் கூடாரத்துக்கு அவரைச் சுமந்து சென்றவர் கசோண்டேதான். மூன்று போர்முனைகளிலும் கூடவே வந்த அந்தக் கனத்த உடல் அன்று சருகுபோல் இருந்தது. பதற்றத்தில் கசோண்டேக்கு வாய் தவறியது.

"கவலைப்படாதீங்க அண்ணே. எல்லாம் சரியாப் போயிடும்."

ஜெரே அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கூடாரத் துணியின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மூன்றாம் நாள் மருத்துவ உதவியாளர் கசோண்டேயிடம் ஓடிவந்தார். "என்னய்யா சொன்ன அவன்கிட்ட? சோளக்களியத் தொட மாட்டேங்கறான். 'பெம்பாக்காரனே என்னைத் திட்டல, மரியாதையாப் பேசிட்டான். எனக்கு நாள் முடிஞ்சிருச்சு'ன்னு கெடக்கறான். காய்ச்சல் எறங்கிருச்சு, இவன்தான் எந்திரிக்க மாட்டேங்கறான்!"

கசோண்டே தலையில் அடித்துக்கொண்டு ஓடினார். கூடாரத்துக்குள் நுழைந்ததும், ஜெரேயின் ஏழு தலைமுறையையும் உரத்த குரலில் ஏசத் தொடங்கினார். மூன்றாம் தலைமுறையை எட்டுமுன் புதிதாக வந்திருந்த வெள்ளைக்கார மருத்துவர் அவரைப் பிடித்து வெளியே தள்ளினார். நோயாளியை வைவதா! இனி வாசலை மிதிக்கக் கூடாது. தண்டனையாகக் கூடாரத்தைச் சுற்றி மழைநீர் வடியக் கால்வாய் வெட்ட வேண்டும்.

கசோண்டே மண்வெட்டியுடன் நின்றார். உள்ளே, துணிக்கு அந்தப் பக்கம், ஒருவர் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார். அதுவும் இவர் காட்டிய மரியாதையால். மண்வெட்டியைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது. ஜெரேயின் படுக்கை இருந்த பக்கமாகப் போய் ஓங்கி ஒரு வெட்டு வெட்டினார்.

"எலித்தின்னி! கேக்குதா? உனக்குத்தான் குழி வெட்டிக்கிட்டிருக்கேன். எத்தனை அடிடா நீ?"

இன்னொரு வெட்டு வெட்டினார்.

"மூணு அடி போதுமில்ல? எலிக்கு எதுக்குப் பெரிய குழி? வாலை மடிச்சு வெச்சுப் பொதைச்சுடறேன்!"

கூடாரத் துணி அசைந்தது. உள்ளிருந்து நலிந்த குரல் எழுந்தது.

"மூணடியா? ங்கோனிக்காரன் ஆறடிடா! குரங்குக்கு அளக்கத் தெரியுமா?"

"ஆறடி வெட்ட என்னால ஆகாது. எந்திரிச்சு வந்து மிச்சத்தை நீயே வெட்டிக்கோ!"

"வரேன்டா! சாப்பிட்டுட்டு வரேன்! எங்கேய்யா அந்தக் களி?"

மருத்துவர் விரைந்து வந்தபோது, மூன்று நாளாகத் தலை தூக்காத நோயாளி எழுந்து உட்கார்ந்து களியை உருட்டி விழுங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கவளத்துக்கும் இடையே துணிக்கு அப்பால் இருந்தவரை வைதார். மருத்துவர் சிறிது நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பின்பு, கால்வாயை இன்னும் சற்று நீளமாக வெட்டுமாறு சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்து நான்காம் நாள் ஜெரே கோலூன்றி வெளியே வந்தார்.

"கோபப்பட்டா ஒரு கோழி தண்டம். அண்ணேன்னு கூப்பிட்டதுக்கு எத்தனை மச்சான்?"

"வாய் தவறிப்போச்சுடா."

"ரெண்டு கோழி."

அன்று பிற்பகல், படைவீரர்களுக்குக் கொடுக்கும் சவர்க்காரக் கட்டிகளைக் கோழிக்கு மாற்றாகக் கொடுக்கப் பையில் போட்டுக்கொண்டு, கசோண்டே பர்மியச் சிற்றூர் ஒன்றில் வீடு வீடாகச் சென்றார். மொழி தெரியாததால் இரு கைகளையும் சிறகாக அடித்துக் கொக்கரித்துக் காட்டி, அவர் கோழி கேட்ட அழகைக் காண ஊரே திரண்டு வந்தது.