வரி முடிந்ததும் எழும் கை

செம்மேட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே சில டைப்ரைட்டர்களும் ஒரே ஒரு கம்ப்யூட்டரும் இருந்தன. என்னிடம் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவும் டைப்ரைட்டிங் ஹையரும் இருந்தன. பொருத்தம் சரியாக இருப்பதாக உரிமையாளர் நினைத்தார்.

அவரை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள். அடிவாரத்தில் அவருக்கு இரும்புக் கடை. பேளுக்குறிச்சி சந்தை முடிந்த மறுநாள் மலையேறி வந்து, மானிட்டர் மேல் தூசி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்.

என் வகுப்பில் ஆறு பெண்கள். பிளஸ் டூ முடித்தவர்கள். காட்டு வேலையை முடித்துவிட்டு நாலு மணிக்கு வருவார்கள். ஐந்து மணிக்கு எடப்புளி நாட்டுப் பக்கம் ஒரு ஜீப் போகும். அதை விட்டால் அன்றைக்கு வேறு வண்டி கிடையாது. ஆக, கம்ப்யூட்டரைத் தொட அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு மணி நேரம். அடுத்த மாதம் அடிவாரத்தில் கம்ப்யூட்டர் பரீட்சை.

அந்த ஒரு மணி நேரமும் கம்ப்யூட்டரில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

பாய் வாங்கிவந்த ஏதோ ஒரு சிடியில் இருந்த விளையாட்டு அது. திரையில் இரண்டு பேர், ஒருவர் விழும்வரை அடித்துக்கொள்வார்கள். தலைக்கு மேலே ஆளுக்கொரு மஞ்சள் பட்டை. அடி விழ விழ அது குறையும். ஆடுகிற இருவருக்கும் ஒரே கீபோர்டுதான். இடது பக்க எழுத்துகள் ஒருவருக்கு, வலது பக்க அம்புக்குறிகளும் எண்களும் இன்னொருவருக்கு. தினமும் வலது பக்கம் உட்கார்ந்தவர், ஐந்து மணிக்குக் கிளம்பும் அந்த ஜீப்பின் டிரைவரேதான். இடது பக்கம் அவருடைய கூட்டாளி, இன்னொரு டிரைவர்.

பாயிடம் சொன்னேன்.

"ஆடட்டும்மா. அவங்களும் நம்ம கஸ்டமர்தானே" என்றார்.

டிரைவரிடமே கேட்டேன்.

"ஏனுங்க, அஞ்சு மணிக்கு இந்தப் புள்ளைங்களக் கூட்டிட்டுப் போறது நீங்கதானே?"

"ஆமாங்க டீச்சர்."

"அதுவரைக்கும் அவங்க இங்க உக்காரட்டுமே."

"அதுவரைக்கும் நான் எங்கீங்க போறது?"

அவரே யோசித்து ஒரு வழி சொன்னார். "ஒரே ஒரு ஆட்டம் என்னைய ஜெயிச்சுடுங்க. பரீட்சை முடியற வரைக்கும் இந்தப் படி ஏறமாட்டேன்."

"டீச்சரு அடிச்சா கீபோர்டுக்கே வலிக்காது" என்றார் கூட்டாளி.

அன்றே கூட்டாளியின் இடத்தில், இடது பக்கம் உட்கார்ந்தேன். திரையில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாததால் முதலில் நின்றவனையே எடுத்துக்கொண்டேன். முதுகு நேராக, மணிக்கட்டு தாழாமல், விரல்கள் அதனதன் எழுத்தின் மேல். முறைப்படி உட்கார்ந்த நிலையில் தோற்றேன். ஒரு உதையைக்கூட அடிக்கவில்லை.

காரணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தேன். குதித்து உதைக்க இரண்டு பொத்தான்களை ஒன்றாக அழுத்த வேண்டும். டைப்ரைட்டரில் அப்படி அழுத்தினால் இரண்டு எழுத்துக் கம்பிகளும் மேலே போய் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். இன்ஸ்டிடியூட்டில் ஸ்கேலால் விரலில் விழும். ஒரு நேரத்தில் ஒரு விரல்தான் என்று என் கைகள் கற்றிருந்தன. அடுத்தது, தாளம். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப் என்று சீராக அடித்துப் பழகியவள் நான். சீராக அடிப்பவரை அடிப்பது எளிது. இரண்டு அடிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கும் என்று எதிராளிக்குத் தெரிந்துவிடுகிறது.

மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது என்று தோன்றியது. அது பிடிபடவில்லை.

ஆறு பேரில் ஒருத்திக்குச் செம்மேட்டிலேயே வீடு. காலையில் கரண்ட் இருந்தால் அவளை வரச் சொல்லிப் பழகினேன். முதல் நாளே அவள் என்னைத் தோற்கடித்தாள்.

"எப்படி அடிச்சே?"

"தெரியலீங்க மிஸ். எல்லாத்தையும் அடிச்சேன்."

இதை ஒரு முறையாக என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கென்று வேறு வரிசை வைத்துக்கொண்டேன். முதலில் தடுப்பது மட்டும். சில நாட்கள் நான் யாரையும் அடிக்கவே இல்லை; அவளுக்குச் சலித்துப்போனது. பிறகு தூரம்: எதிராளியின் கால் எதுவரை நீளும், எங்கே நின்றால் எட்டாது. அதன் பிறகு ஒரே ஒரு உதை, இரண்டு பொத்தான்களும் ஒன்றாக. இதைப் பஸ்ஸில் வரும்போது மடிமேல் பையை வைத்து அதன் மேல் பழகினேன். பக்கத்தில் இருந்த அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டார்.

இவ்வளவுக்குப் பிறகும் டிரைவரிடம் தோற்றேன். பாதி ஆட்டம் வரை நன்றாகத் தடுப்பேன். திடீரென்று ஒரு நொடியில் பாய்ந்து வந்து அடித்துவிடுவார். ஒவ்வொரு முறையும் சரியாக நான் தடுக்காத நொடி.

மறுநாள் காலை அந்தப் பெண் கேட்டாள். "மிஸ், நடுவுல நடுவுல யாருக்கு டாட்டா காட்டறீங்க?"

"நான் எங்க காட்டறேன்?"

"இப்பக்கூடக் காட்டுனீங்க."

கவனித்தேன். காட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வரி அளவுக்கு எழுத்துகளை அடித்து முடித்ததும் என் இடது கை தானாக எழுந்து, அங்கே இல்லாத ஒரு லீவரைத் தள்ளப் போய்க்கொண்டிருந்தது. டைப்ரைட்டரில் வரி முடிந்தால், தாள் சுற்றியிருக்கும் கேரேஜை அப்படித்தான் திருப்ப வேண்டும். கம்ப்யூட்டரில் பாடம் நடத்தும்போதும் இதையே செய்துகொண்டிருந்திருக்கிறேன். மூன்றாவது காரணம் கிடைத்துவிட்டது.

"கட்டிப்போட்டுப் பாக்கலாங்களா மிஸ்?" என்று துப்பட்டாவை எடுத்தாள்.

வேண்டாம் என்றேன். ஒரு பழுதை நீக்க முடியாவிட்டால், அது எப்போது வரும் என்று தெரிந்துகொள்வது அடுத்த நல்ல வழி. எலக்ட்ரானிக்ஸ் லேபில் பாதி நேரம் அதைத்தான் செய்தோம். இந்தக் கை எப்போது எழும் என்று இப்போது எனக்குத் தெரியும். டிரைவருக்கு முன்பே தெரிந்திருந்தது. அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

அடுத்த ஆட்டத்துக்கு ஆறு பெண்களும் பின்னால் நின்றார்கள். மூன்று சுற்றில் இரண்டை எடுப்பவர் வெற்றி. முதல் சுற்று அவருக்கு. இரண்டாவதில் எட்டாத தூரத்திலேயே நின்று, தடுத்துத் தடுத்து, நேரம் முடியும்போது என் பட்டை கொஞ்சம் நீளமாக இருந்ததால் ஜெயித்தேன்.

"இது சண்டையாங்க? கோயில் சுத்தற மாதிரி இருக்குது" என்றார் கூட்டாளி.

மூன்றாவது சுற்றில் இரண்டு பட்டைகளும் நூலாகிவிட்டன. வரி முடிய இன்னும் நேரம் இருந்தது. இடது கையைத் தூக்கினேன். டிரைவர் பாய்ந்தார். கையைப் பாதியிலேயே திருப்பி இறக்கி, இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்தினேன். எந்தக் கம்பியும் சிக்கவில்லை. அவருடைய ஆள் மல்லாந்து விழுந்தான்.

"கை மேல போச்சுங்களே டீச்சர்!"

"போச்சுங்க."

"பின்ன?"

"திரும்பி வந்துருச்சுங்க."

அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அடுத்த நாளிலிருந்து நாலு மணிக்கு ஜீப்பிலேயே உட்கார்ந்து, கூட்டாளியுடன் எதையோ பேசி நேரத்தைப் போக்கினார். பெண்கள் முறை வைத்து உட்கார்ந்து பழகினார்கள். பரீட்சை நாளில் அவரே எங்களைக் கீழே அழைத்துப்போனார்.

பிறகு வந்த ரிசல்ட்டில் ஆறு பேருமே பாஸ். ஆனால் பரீட்சை முடிந்து ஜீப்பில் ஏறும்போது எல்லோரும் கோபமாக இருந்தார்கள்.

"அந்த சூப்பர்வைசர் சும்மா சும்மா வந்து, என்னம்மா வேணும், என்னம்மா வேணும்னு கேக்கறாருங்க மிஸ்" என்றாள் செம்மேட்டுப் பெண்.

"எங்கிட்டயும் கேட்டாரு."

"எங்கிட்டயுந்தான். கைய எதுக்குத் தூக்கறேங்கறாரு. நான் எங்க தூக்குனேன்?"

ஆறு பேரும் என்னிடம் டைப்ரைட்டிங் படித்தவர்கள். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"அத நீங்க அப்பவே திருத்தி உட்டிருக்கலாமுங்களே டீச்சர்?"

"உட்டிருக்கலாந்தாங்க. ஆனா நாளைக்கு நாலு மணிக்கு நீங்க மறுபடியும் வருவீங்க. புள்ளைங்க உங்களோட ஆடணுங்கறாங்க. அப்ப அந்தக் கை வேணுமுங்களே."

வளைவு வந்தது; டிரைவர் ஹாரன் அடித்துக் கியரைக் குறைத்தார்.