ஒரு தடவைதான் கேட்டார்கள்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். எழுதினால் வரி கோணும், சொல்ல வந்தது பாதியில் மறந்துபோகும். எதிர் ஃபிளாட்டில் இருக்கிற ரிட்டயர்டு டீச்சர்தான், "பேச வரலைன்னா எழுதுங்க. நம்ம தமிழ் ஆளுங்க படிக்கிற பத்திரிகைதான், நான் அனுப்புறேன்" என்று தாள் தந்தார்கள். பேச வரவில்லை என்பது உண்மைதான். வெளியாட்கள் முன்னால் எனக்குப் பெரிய கூச்சம்.

என் வீடு கரமனையில். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்த நாள் முதல் அங்கேதான். வீட்டுக்காரர் சாலை பஜாரில் ஒரு கடையில் கணக்கு எழுதினார். அவர் போன பிறகும் நான் தனியாக அங்கேயே இருந்தேன். போன மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். எலும்பு முறியவில்லை, ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. பால்காரர் மணியடித்துப் பார்த்து, பக்கத்து வீட்டில் சொல்லி, அவர்கள் என் மகனுக்கு ஃபோன் செய்யும் வரை ஈரத்தில் அப்படியே கிடந்தேன். மகன் ஓடி வந்தான். அவன் முகத்தைப் பார்த்து எனக்குத்தான் பாவமாக இருந்தது. அன்றைக்கே ஊரின் மறுகோடியில் கழக்கூட்டத்தில் இருக்கிற தன் ஃபிளாட்டுக்குக் கூட்டி வந்துவிட்டான்.

எட்டாவது மாடி. மகனும் மருமகளும் காலையிலேயே கம்பெனிக்குப் போய்விடுவார்கள். இந்த வீட்டுக் கதவு சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், வெளியிலிருந்து திறக்க எண் அழுத்த வேண்டும். ஒரு நாள் குப்பைக் கூடையை வெளியே வைக்கப் போனேன், பின்னால் கதவு சாத்திக்கொண்டது. எண் மனதில் வரவில்லை. எதிர் வீட்டு மணியை அடிக்கக் கூச்சமாக இருந்தது. படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் தற்செயலாக வெளியே வந்து என்னைப் பார்த்தார்கள், அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். அதற்குப் பிறகு நான் வாசலைத் தாண்டுவதில்லை. பால்கனியில் புறா வராமலிருக்க வலை கட்டியிருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் கீழே பைபாஸ். வண்டிகள் தெரியும், ஆள் முகம் தெரியாது. கரமனையில் பெரிதாக என்ன இருக்கிறது என்று மருமகள் கேட்பாள். ஒன்றும் இல்லை. அங்கே கதவு என் கைக்குத் திறக்கும், அடுப்பை எப்போது பற்ற வைப்பது என்பது என் இஷ்டம். அவ்வளவுதான்.

வீடு என் பேரில் இருக்கிறது. விற்றுவிடலாம் என்று மகன் நினைத்தான். என்னிடம் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. ஷூ மாட்டிக்கொண்டே, "எம்மா, கொடுத்திருவோமா?" என்றான். "உன் இஷ்டம் மக்களே" என்றேன். வாங்குகிறவர்களுடைய வக்கீல்தான், அம்மாவுக்கு வயதாகிவிட்டது, சுயபுத்தியோடுதான் கையெழுத்துப் போடுகிறார் என்று ஒரு டாக்டரின் சர்ட்டிபிகேட் வேண்டும் என்றாராம்.

ஆஸ்பத்திரி கோட்டைப் பக்கம். போகும் வழியெல்லாம் காரில் எனக்குப் பாடம் நடந்தது.

"எம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன். உனக்குத் தெரியாதா?"

மருமகள் சிரித்துவிட்டாள். "அத்தே, டாக்டர்கிட்ட இப்படி எதிர்க்கேள்வி கேட்டிராதீங்க. வாயாடின்னு எழுதிருவா."

"நூறுலேருந்து ஏழேழா கழிச்சிட்டே வரச் சொல்லுவாங்களாம் எம்மா."

"எதுக்கு? அவங்களுக்குக் கணக்கு வராதா?"

பழவங்காடிக் கோயில் வந்தபோது, ஒரு தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாமா என்றேன். "வண்டி நிறுத்த எடமில்லை. இங்கேருந்தே கும்பிட்டுக்கோ, புள்ளையாருக்கு உன்னைத் தெரியும்" என்றான் மகன்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். மலையாளமும் தமிழும் கலந்து, என்னைப் பார்த்தே பேசினார்கள். நான் விழுந்ததையும் வீட்டு விஷயத்தையும் மகனிடம் கேட்டுக்கொண்டு, அவனை வெளியே இருக்கச் சொன்னார்கள்.

"அம்மைக்குக் கூச்சம் ஜாஸ்தி டாக்டர். நான் கூட இருந்தா..."

"அதனாலதான் மோன் வெளியில இருக்கணும்."

கதவு சாத்தியதும் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். "அம்மே, பேடிக்கண்டா, பயப்பட ஒண்ணும் இல்லை. நான் கேக்கறதுக்கு அம்மை என்ன சொல்றீங்களோ அதுதான் அம்மையோட தீர்மானம். யாரும் நிர்பந்திக்கப் பாடில்லை, கட்டாயப்படுத்தக் கூடாது. நானும் நிர்பந்திக்க மாட்டேன்" என்றார்கள். எவ்வளவு மரியாதை! பிறந்ததிலிருந்து என்னிடம் அப்படி யாரும் பேசினதில்லை.

மூன்று பொருளின் பெயர் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். கடிகாரம் வரையச் சொன்னார்கள். வட்டம் ஒரு பக்கம் நசுங்கிவிட்டது, எண்களெல்லாம் சரியாக உட்கார்ந்தன. ஏழு கழிக்கிற கணக்கில் எழுபத்திரண்டில் கொஞ்சம் நின்றேன், பிறகு தொடர்ந்து சொல்லிவிட்டேன். எனக்கே உற்சாகமாகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். "கரமனை வீட்டுக்குத் திரும்பிப் போய் இருக்கணும்னு அம்மைக்கு உண்டா? ஒரு ஹோம் நர்ஸை வைக்கலாம். குளிமுறியில, பாத்ரூம்ல, பிடிச்சுக்கக் கம்பி போடலாம். நான் மோன்கிட்ட சொல்றேன்."

எனக்கு நெஞ்சு துள்ளியது. ஆனால் வாய் சொன்னது இது: "வேண்டாம் மோளே. எதுக்கு எல்லாருக்கும் சிரமம்."

இதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் ஒருவர் ஒன்றைத் தருகிறேன் என்றால் முதல் தடவையே சரி என்று சொல்கிற வழக்கம் கிடையாது. வேண்டாம் என்பதுதான் மரியாதை. அவர்கள் மறுபடி கேட்பார்கள். "உங்களுக்கு எதுக்குக் கஷ்டம்" என்போம். இன்னொரு தடவை வற்புறுத்தினால் வாங்கிக்கொள்வோம். காபியானாலும் சேலையானாலும் இப்படித்தான். என் வீட்டுக்காரர் அதைக் கேலி செய்வார். ஜவுளிக்கடை வாசலில் நின்று, "வேணுமா, வேணுமா, வேணுமா? மூணும் ஆச்சு. இப்பச் சொல்லு, என்ன கலரு?" என்பார். நான் வெட்கத்தோடு கலர் சொல்வேன்.

டாக்டர் தலையை ஆட்டி எழுதினார்கள். நான் காத்திருந்தேன்.

"போகலைன்னா அந்த வீடு என்ன ஆகும்னு அம்மைக்கு அறியுமா?"

"வித்திருவாங்க. அப்புறம் எனக்குப் பாத்தியதை இல்லை."

"பிறகு அம்மை எங்க இருப்பீங்க?"

"மகன் ஃபிளாட்டில. கடைசி வரைக்கும்."

கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்னேன். இதோ அடுத்தது அதைத்தான் கேட்பார்கள், இந்தத் தடவை கொஞ்சம் இழுத்து, அப்புறம் சம்மதித்துவிடலாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். டாக்டர் தாளை மடக்கினார்கள். "நன்னாயி அம்மே. நல்ல தெளிவு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

டாக்டரிடம் ஒரு குறையும் இல்லை. நிர்பந்திக்க மாட்டேன் என்று முதலிலேயே சொன்னவர்கள் அவர்கள்.

டாக்டர் மகனைக் கூப்பிட்டு நான் சொன்னதையெல்லாம் சொன்னார்கள். வெளியே வந்ததும் அவன், "எம்மா, ஃபுல் மார்க்!" என்றான். வழியில் காரை நிறுத்தி ரசவடை வாங்கிக் கொடுத்தான். மருமகள் பின்சீட்டில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "வேண்டாம்னு நீங்களே சொன்னீங்களாமே அத்தே. நாங்க கட்டாயப்படுத்தினோம்னு இனி யாரும் பேச முடியாது" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. பாவம், அவளுக்கும் அந்தப் பயம் இருந்திருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதைச் சொல்வது? வடையைத் தின்றேன்.

சில நாள் கழித்து, துணி மடிக்கும்போது அவளிடம் மெல்லச் சொன்னேன். "எனக்குக் கரமனைக்குப் போகணும்னு உண்டு."

"அன்னைக்கு வேண்டாம்னு சொன்னீங்களே?"

"முதல்ல கேட்டா வேண்டாம்னுதானே சொல்லணும்."

"அது சோத்துக்கு அத்தே. இது வீடு."

மகன் வந்ததும் அவள் சொல்லிவிட்டாள். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கும் ஏதாவது வாயில் வந்திருக்கும். என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டான். "சொல்லு எம்மா, உனக்கு அங்க போகணுமா?"

"போகணும்" என்றேன். உடனே, முதல் தடவையிலேயே சொன்னேன்.

அவன் மருமகளைப் பார்த்தான்.

"எம்மா, அன்னைக்கு ஒண்ணு சொன்ன, இன்னைக்கு ஒண்ணு சொல்லுத. மறுபடி டாக்டர்கிட்டப் போனா, புத்தி நிலையா இல்லைன்னு எழுதிருவாங்க. அப்புறம் உன் கையெழுத்துக்கே மதிப்பு இருக்காது. எல்லாத்துக்கும் கோர்ட்டு மூலமா நான்தான் போடணும். அது வேணுமா உனக்கு?"

"வேண்டாம்" என்றேன். அது உபசாரத்துக்குச் சொன்னதல்ல.

அன்றிலிருந்து இருவரும் என்னைக் கவனிக்கிறார்கள். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடினால்கூட வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். டீக்குச் சர்க்கரை போட்டேனா என்று யோசிக்கும்போது சும்மா நிற்கப் பயமாக இருக்கிறது. கரமனை என்று வாயெடுத்தால் மருமகள் பேச்சை மாற்றி மாத்திரை சாப்பிட்டாச்சா என்கிறாள். பேசாமல் இருக்கிற வரைக்கும் நான் தெளிவானவள்.

ஓணம் கழிந்து வீட்டுப் பத்திரப் பதிவு வைத்திருக்கிறார்கள்.

இதில் நான் எழுதிய விவரங்களில் பிழை இருக்கலாம். ஹோம் நர்ஸைப் பற்றி டாக்டர் சொன்னது முதலிலா, கம்பியைப் பற்றிச் சொன்ன பிறகா என்று சரியாக நினைவில்லை. இரண்டாம் தடவையும் கேட்டு, நான்தான் காதில் வாங்காமல் விட்டேனோ என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. டீச்சர் இதை அனுப்பும் முன் அந்த டாக்டரிடமே போய், நடந்தது இப்படித்தானா என்று விசாரிக்க வேண்டும். தெளிவானவள் என்று சர்ட்டிபிகேட் வாங்கினவள் தன் தீர்மானத்தை மாற்றிக்கொள்ளலாமா, மாற்றினால் அந்தச் சர்ட்டிபிகேட் போய்விடுமா என்பதையும் கேட்க வேண்டும். பதிவுக்கு முன்னால் தெரிந்தால் உபகாரமாக இருக்கும்.